அம்மாவுக்குப் பொழுது போகிறதா?

கேள்வி: சென்னையில் 48 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் சங்கச் செயலாளர். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று தளத்துக்கு இரண்டு தொட்டி வாங்கி வைத்தேன். வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் நினைவூட்டுகிறேன். கட்டைவிரலைக் காட்டுகிறார்களே தவிர, யாரும் பிரித்துப் போடுவதில்லை. எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. எனக்கும் மனைவிக்கும் வேலை, பையன் பிளஸ் டூ என்பதால், ராத்திரி என் அம்மாவே உட்கார்ந்து பிரித்துவிடுவார். 71 வயது, அவருக்கும் பொழுது போகும். பிரிக்காத வீடுகளுக்கு 500 ரூபாய் அபராதம் போடலாமா?

பதில்: அபராதத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அம்மா உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் வீட்டுக் கூடையிலும் எல்லாம் கலந்துதானே கிடக்கிறது? சாம்பார் மிச்சம், பால் கவர், மாத்திரை அட்டை, சவர பிளேடு எல்லாவற்றையும் மூன்று பேரும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அதற்குள் அவர் கையை விடுகிறார். மற்ற 47 வீட்டுக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுடையதைக் கீழே தூய்மைப் பணியாளர் கிளறுகிறார், உங்களுடையதைப் பெற்ற தாய் கிளறுகிறார், அவ்வளவுதான்.

பொழுது போக வேண்டுமென்றால் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எச்சில் குப்பையைத் துழாவுவது எந்த வயதிலும் யாருக்கும் பொழுதுபோக்கு இல்லை. அவராக வாய்விட்டுச் சொல்லமாட்டார். மகன் வீட்டில் சும்மா சாப்பிடுகிறோமோ என்ற எண்ணம் வந்துவிட்டால், எந்த அம்மாவும் இப்படி வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த எண்ணம் அவருக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் பிள்ளையின் கடமை. வேளைக்குச் சோறு போட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

குப்பையை உண்டாக்குகிறவர்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. உண்டாக்குகிறவரின் தாயார் என்று அதில் எங்கும் இல்லை.

நாளைக்கே அடுப்படியில் இரண்டு கூடை வையுங்கள். பால் கவரை வெட்டுகிறவரே அதை அலசிக் காயப்போடட்டும். நாப்கின், பிளேடு போன்றவற்றைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் குறி போடுங்கள். இதைப் பையனிடம் ஒப்படையுங்கள். பிளஸ் டூ படித்தால் கை மடங்காதா என்ன? அப்புறம், மக்கும் கூடைக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள். நல்ல திட்டங்கள் பல இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. உள்ளே வெறும் காய்த்தோலே இருந்தாலும், முடிச்சுப் போட்ட கவரைக் கீழே ஒருவர் கிழித்துத்தான் கொட்ட வேண்டும்.

ஒரு மாதம் இப்படி நடக்கட்டும். பிறகு பையனையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்ஆப் வேண்டாம். காகிதம், பாட்டில், அட்டைப்பெட்டிகளை மாதம் ஒருமுறை பழைய பேப்பர்காரரிடம் போட்டு, வருகிற பணத்தைச் சங்கக் கணக்கில் சேர்க்காமல் குப்பை அள்ளுகிறவர் கையில் கொடுங்கள். கையுறை சங்கச் செலவு.

அபராதமா? அதற்குப் பிறகும் பிடிவாதமாக இரண்டொரு வீடு இருந்தால் பொதுக்குழுவில் பேசித் தீர்மானியுங்கள். இப்போதே போட்டால் முதல் ரசீதை உங்கள் கதவு எண்ணுக்குத்தான் எழுத வேண்டியிருக்கும்.