கஷ்டப்பட்டுப் படித்தால் யாரும் முன்னுக்கு வரலாம். பிறகு எதற்குப் 'பாடசாலையில் ஏற்றத்தாழ்வு' என்று சமூகவியலாளர்கள் சாக்குச் சொல்கிறார்கள்?

இப்படிக் கேட்ட நீங்கள் கொழும்பிலோ யாழ்ப்பாண நகரிலோ பெயர்பெற்ற பாடசாலையில் படித்தவர் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். ஆனால் 'சாக்கு' என்ற சொல்லைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மூதூர்ப் பக்கம். அப்பா கடற்றொழில். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். கணிதம் படிக்க வேண்டுமென்றால் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வர வேண்டும். 2002இல் போர்நிறுத்தம் வந்ததும் அப்பா துணிந்து என்னை நகரத்தில் மாமி வீட்டில் விட்டார்.

இணைந்த கணித வகுப்பில் சேர் பல இடங்களைத் தாண்டிப் போவார். "இது ரியூசனில் செய்திருப்பீங்கள்தானே?" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டினேன். ரியூசனுக்குக் காசில்லை என்பது ஒன்று. சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு, பெறுபேறு வரமுன்னமே நகரத்துப் பிள்ளைகள் உயர்தர ரியூசனுக்குப் போய்விடுவார்கள் என்பதே எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த தவணை பெற்றோர் கூட்டம். அப்பா அன்றைய தொழிலை விட்டுவிட்டு, முதல் லோஞ்சில், தோய்த்து மடித்த சாரத்தோடு வந்தார். கடைசி வாங்கில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார்மாரிடம் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர் அவர். மறுநாள் வகுப்பாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், "உன்ர வீட்டில படிப்பில அக்கறை இல்லைப் பிள்ளை." என் கொப்பிகளுக்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்த மனிதரைப் பற்றி.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு இரவிரவாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அங்கேதான் இருந்தார். முயற்சி தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை.

திறமையைப் பார்த்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் இடம்தான் பாடசாலை என்ற உங்கள் எண்ணத்துக்கும் சமூகவியலில் இடம் உண்டு. அமெரிக்கரான டால்கட் பார்சன்ஸ் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார். பிரான்ஸின் பியர் பூர்தியூ வேறு பக்கத்தைக் காட்டினார். பேசும் விதம், ஆசிரியரோடு பழகும் துணிவு, எந்த நேரத்தில் எதைச் செய்வது என்ற அறிவு, இவற்றைச் சில பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். அதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். பாடசாலை அதைப் பிறவித் திறமை என்று எண்ணிப் புள்ளி போடுகிறது. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் சாரம்தான் ஞாபகம் வந்தது.

சரி, 'உங்களுக்குத்தான் மாவட்டக் கோட்டா இருக்கிறதே' என்று யாராவது வருவார்கள். பல்கலைக்கழக அனுமதியில், கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்த 16இல் ஒன்று. நானும் அதில்தான் போனேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அது மாவட்டத்தைத்தான் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை. நகரத்தில் மூன்று ரியூசன் போகும் பிள்ளைக்கும் இதே மாவட்டத்து வெருகலில் கணித ஆசிரியரே இல்லாமல் படித்த பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழும் அரச கரும மொழிதான். அப்படியிருந்தும் அப்பாவின் வலை நட்டஈட்டுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அதைச் சந்தையில் ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்தார். அப்பாவுக்கு விளங்குவதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். ஆனால் அப்பாவை ஒன்றும் தெரியாதவர் என்று இடத்துக்கு இடம் சொன்னார்கள், அது இன்னும் ஆறவில்லை.

போன மாதம் என் மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். நான் முன்வரிசையில் இருந்தேன். வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் பேசினேன், தொலைபேசி எண் வாங்கினேன், மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்றேன். உடனே இடம் மாற்றிவிட்டார். என் மகள் இதற்காக ஒரு கஷ்டமும் படவில்லை. கடைசி வாங்கில் ஒரு தாய் பேசாமல் இருந்தார். அவரிடம் ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று, வசதிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று.