அணுமின்சாரமும் படிக்கப்படாத எச்சரிக்கைகளும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அணுமின்சாரத்தின் நன்மை தீமைகள் பற்றிக் கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நன்மைகளைச் சுலபமாக எழுதிவிட்டேன்: புகை இல்லை, கொஞ்சம் எரிபொருளில் நிறைய மின்சாரம், வெயிலும் காற்றும் இல்லாத நேரத்திலும் ஓடும். தீமைகளுக்குக் கழிவு, செலவு, விபத்து, அணுகுண்டு என்று நான்கு தலைப்புகள் போட்டு வைத்திருக்கிறேன். என் அப்பா பொறியாளர். "எதிர்க்கிறவர்கள் எல்லாம் அறிவியல் தெரியாத பயந்தாங்கொள்ளிகள், அதையும் எழுது" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் முடிவுரை எழுத வரவில்லை. நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா?

சுகன்யா

அன்புள்ள சுகன்யா,

முடிவுரை எழுத வரவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அந்தத் தயக்கத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதும் அணு உலை விபத்துகளைப் பற்றித்தான். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அணுகுண்டு என்ற தலைப்பை முதலில் அடித்துவிடுங்கள். மின் உலை குண்டுபோல் வெடிக்காது. வழக்கமான உலை எரிபொருளில், எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 மூன்றிலிருந்து ஐந்து சதவீதம். குண்டுக்கு அதை 90 சதவீதம் அளவுக்குக் கூட்ட, அதாவது செறிவூட்ட வேண்டும். செறிவூட்டும் ஆலையை வைத்து ஓர் அரசு என்ன செய்யும் என்பது வேறு கட்டுரை. செலவுக்குப் பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலை ஒன்றே போதும். 2005இல் தொடங்கி 2009இல் முடிப்பதாகச் சொன்னார்கள், முழு உற்பத்திக்கு வந்தது 2023இல். கழிவு பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், எனக்கு ஓரளவு நிம்மதி இருப்பதும் அதில்தான். அதே ஓல்கிலுவோட்டோவில் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் பழம்பாறையைக் குடைந்து, செம்புக் கலங்களில் அடைத்துக் களிமண்ணால் சூழ்ந்து புதைப்பதற்கு இடம் தயாராக்கிவிட்டார்கள். செய்ய முடிகிற வேலையைப் பெரும்பாலான நாடுகள் பல பத்தாண்டுகளாகத் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவுதான்.

நன்மைகளில் ஒரு கணக்கை விட்டுவிட்டீர்கள். சுரங்கத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்குச் சுமார் 12 கிராம் கரியமில வாயு. நிலக்கரிக்கு 820 கிராம் அளவுக்குப் போகிறது. இதைச் சொல்லாமல் எதிர்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலக்கரிப் புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் சாகிறவர்களுக்காக யாரும் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை.

இனி அந்தப் 'பயந்தாங்கொள்ளிகள்'. அப்பா சொன்னதை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கேட்டுக்கொள்ளுங்கள், இந்தத் துறையில் பயப்படத் தெரியாதவரிடம் உலையின் சாவியைக் கொடுக்கக்கூடாது.

எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். நிலக்கரி உலைக்கு அது பொருந்தும், அணு உலைக்குப் பொருந்தாது. உலையை நிறுத்த உதவும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கியதும் அணுப்பிளவு நின்றுவிடும், வெப்பம் நிற்காது. பிளந்த துண்டுகள் தாமாகச் சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் ஆறேழு சதவீதம், ஒரு மணி நேரம் கழித்துச் சுமார் ஒன்றரை, ஒரு நாள் கழித்தும் அரை சதவீதத்துக்குப் பக்கத்தில். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். அப்படியானால் நிறுத்திய உடனே ஏறக்குறைய 200 மெகாவாட் சூடு உள்ளே இருக்கிறது. தண்ணீர் ஓடாவிட்டால் எரிபொருள் உருகிவிடும். அணைத்த பிறகும் ஆள் காவல் இருந்தாக வேண்டிய இயந்திரம் இது. அதனால் இதை நடத்துகிறவர்களின் குணமும் இயந்திரத்தின் ஒரு பாகம்தான்.

நான் படித்ததில் என்னை உறங்கவிடாமல் செய்தது ஒன்று உண்டு. பெயர் பெற்ற மூன்று விபத்துகளிலும் எச்சரிக்கை முன்பே காகிதத்தில் இருந்தது.

1979, அமெரிக்காவின் மூன்று மைல் தீவு. அழுத்தம் குறைக்கும் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. அது மூடிவிட்டதாக நினைத்த பணியாளர்கள், உலைக்குள் போகும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். 1977 செப்டம்பரில் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி உலையில் இதே வேலையைச் செய்யும் வால்வு இதேபோல் சிக்கியது, பணியாளர்களும் இதே தவறைச் செய்தார்கள். உலை குறைந்த திறனில் ஓடியதால் தப்பியது. உலையைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், மற்ற நிலையங்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று குறிப்பு எழுதினார்கள். அது போய்ச் சேரவில்லை.

1986, செர்னோபில். அவசரமாக நிறுத்தத் தண்டுகளை இறக்கினால் முதல் சில நொடிகள் திறன் ஏறக்கூடும் என்ற குறை, 1983இன் இறுதியில், அதே வகை உலை இருந்த லிதுவேனியாவின் இக்னலினா நிலையத்திலேயே தெரிந்துவிட்டது. விபத்து நடந்த இரவு உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது.

2011, ஃபுகுஷிமா. சுனாமி 5.7 மீட்டர் வரை வரும் என்று வைத்துத்தான் பாதுகாப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். 15.7 மீட்டர் வரை எழலாம் என்று 2008இல் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணக்கீடு வந்தது. கண்காணிப்பு அமைப்புக்கு அதைத் தெரிவித்தது 2011 மார்ச் 7 அன்று. சுனாமி வந்தது மார்ச் 11. கீழ்த்தளங்களில் இருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. அதே வளாகத்தில் ஆறாம் உலைக்கென்று சற்று உயரத்தில் வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் உலையையும் ஆறாம் உலையையும் காப்பாற்றியது அதுதான்.

அன்று நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்தது ஓனகாவா அணுமின் நிலையம். அங்கே எழுந்த அலை சுமார் 13 மீட்டர், நிலைய வளாகத்தின் உயரம் 14.8 மீட்டர். நிலநடுக்கத்தில் தரை ஒரு மீட்டர் தாழ்ந்துபோன பிறகும் அது தப்பியது. அந்த உயரத்துக்குக் காரணமானவர் யானோசுகே ஹிராய், தொஹோகு மின்நிறுவனத்தின் முன்னாள் துணைத்தலைவர். 1960களின் இறுதியில் நிலையத்துக்குத் திட்டம் போட்டபோது 12 மீட்டர் போதும் என்றார்கள். கி.பி. 869இல் அந்தக் கடலோரத்தை அழித்த பேரலையைச் சொல்லி அவர் விடாப்பிடியாக நின்றார். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்குமே, அப்போது குளிர்விக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்றும் கேட்டார். அதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவர் 1986இல் இறந்துவிட்டார். 2011இல் வீடிழந்த 300க்கும் மேற்பட்ட மக்கள் அந்த அணுமின் நிலையத்துக்குள்தான் தஞ்சம் புகுந்தார்கள்.

ஹிராய் பயந்தவர், சுகன்யா. அறிவியல் தெரிந்ததால் பயந்தவர். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதுவீர்களா?

"ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் செத்தவர் எத்தனை பேர்?" என்று அப்பா கேட்கக்கூடும். ஜப்பான் அரசு 2018இல் ஒரு மரணத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்ட அலைச்சலிலும், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்ட தளர்ச்சியிலும், அதன்பின் வந்த நோயிலும் மனமுறிவிலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் 2000 பேருக்கும் மேல் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஊரை இழந்த கிழவியின் சாவைக் கதிர்வீச்சுக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விடுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

உங்கள் கேள்வி அங்கேயே நிற்கிறது. நிலையத்தையும் அதை நடத்துகிறவர்களையும் பார்க்காமல் ஆதரவு, எதிர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, கீழே இருப்பவர் எழுதிய குறிப்பு யார் மேசைக்குப் போகிறது, உலையை மூடச்சொல்லும் அதிகாரம் கண்காணிப்பவருக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்பேன். கேட்க அனுமதித்து நேராகப் பதில் சொல்கிற இடத்தில் ஆதரிப்பேன்.

நான்கு தலைப்புகளில் விபத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையை மறுபடி எழுதுங்கள். நாள் போதாவிட்டால் ஆசிரியரிடம் அவகாசம் கேளுங்கள். இந்த மூன்று எச்சரிக்கைகளையும் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். தான் எழுதிக் கொடுத்த எச்சரிக்கை எதையாவது மேலே இருந்தவர்கள் ஓரங்கட்டியதுண்டா என்று அவரிடம் கேளுங்கள். இத்தனை வருடம் வேலை பார்த்தவரிடம் ஒன்றாவது இருக்கும். அவர் சொல்வதைக் கட்டுரையில் சேர்த்து எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.