வியாபாரத்திலிருந்து வந்து போர்க்காலப் பிரதமரானவர் யாராவது உண்டா?

உண்டு. பிரிட்டனின் நெவில் சேம்பர்லின். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும்.

22 வயதில் அப்பா அவரை பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்கு அனுப்பினார். கயிறு திரிக்க உதவும் சிசல் கற்றாழையைப் பயிரிடுவதுதான் வேலை. காட்டை வெட்டி, வெயிலில் கூலியாட்களோடு நின்று ஆறு வருடம் பாடுபட்டார். பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில் செடி தேறவில்லை; குடும்பத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு நஷ்டம்.

அப்புறம் பர்மிங்காம் திரும்பி, கப்பல்களுக்கு உலோகப் படுக்கை செய்யும் ஆலையை நடத்தினார். அதில் நன்றாகவே ஜெயித்தார். 1915இல் நகர மேயர். மறுவருடமே தொழிலாளர்கள் சேமிக்க நகராட்சி வங்கி தொடங்கவைத்தார். நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது வயது 49. சுகாதார அமைச்சர், நிதியமைச்சர், 1937இல் பிரதமர்.

சரி, எங்கே சறுக்கினார்? எதிரே உட்கார்ந்தவன் கையெழுத்திட்டால் சொல்லைக் காப்பாற்றுவான் என்ற வியாபார நம்பிக்கையை ஹிட்லரிடமும் வைத்தார் என்பது என் எண்ணம். 1938 செப்டம்பரில் மியூனிக்; மறு மார்ச்சில் ஜெர்மன் படை செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள். 1939 செப்டம்பர் 3 அன்று போரை அறிவித்தவரும் அவரேதான். நார்வேயில் ஜெர்மனியிடம் பிரிட்டன் கண்ட தோல்வி குறித்த நாடாளுமன்ற வாக்கெடுப்பில், 200க்கும் மேல் இருந்த பெரும்பான்மை 81ஆகச் சுருங்கியது. 1940 மே 10 அன்று பதவி விலகினார். சர்ச்சில் அமைச்சரவையிலும் உழைத்தார். அந்த நவம்பரிலேயே புற்றுநோயால் இறந்தார்.