இரவில் ஓடுகிற றாம் பகலில் ஏன் விழுகிறது?

கேள்வி: புதுக்குடியிருப்பில் கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு வீடியோ எடுத்து எடிற்றிங் செய்கிறேன். கொம்பியூட்டரில் றாம் (வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கிற நினைவகம்) 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, வகை டி.டி.ஆர்.4, வேகம் 3200. திருத்துகிற ஒருவர் காசு வாங்கிக்கொண்டு அதை 3600க்கு உயர்த்தி, 1.45 வோல்ட் வைத்துத் தந்தார். இரவில் பிரச்சினை இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு ரெண்டர் போட்டால், அதாவது எடிற் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்கினால், கொம்பியூட்டர் நின்று நீலத்திரை வருகிறது. சில கோப்புகள் திறக்கவே இல்லை. றாம் சூடாகி எரிந்துவிட்டது, மாற்றவேண்டும் என்கிறார். கூலர் வாங்கிப் போட்டால் தப்புமா?

பதில்: தம்பி, றாமின் கதைக்குப் பிறகு வருகிறேன். கமராவிலிருந்து எடுத்த மெமரி கார்ட் எதையும் இப்போதைக்கு அழிக்கவேண்டாம். கார்ட்டிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி செய்யும்போது கோப்பு முழுவதும் றாமுக்குள்ளால்தான் போகிறது. றாம் ஒரு எழுத்தைப் பிழையாக வைத்திருந்தால் அந்தப் பிழை அப்படியே டிஸ்கில் பதிந்துவிடும். கொம்பியூட்டர் ஒரு வார்த்தை சொல்லாது. நீலத்திரை வந்தால் உங்களுக்குத் தெரியும். நீலத்திரை வராமல் போன பிழைதான் அந்தத் திறக்காத கோப்புகள். அவற்றைத் திருத்துவது அநேகமாக நடக்காத வேலை. கார்ட்டில் மூலம் இருந்தால், வேறொரு கொம்பியூட்டரில் மறுபடி கொப்பி எடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் றாம் எரியவில்லை. எரிந்த ஸ்டிக்குக்கு இரவு பகல் தெரியாது. இரவிலும் விழும், பெரும்பாலும் கொம்பியூட்டர் எழும்பவே எழும்பாது. இரவில் ஓடிப் பகலில் விழுகிறதென்றால், வைத்துத் தந்த செற்றிங் எங்கள் பகலுக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

றாமுக்குள் இருப்பது கோடிக்கணக்கான ஒழுகுகிற குடங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடத்திலும் துளி மின்சாரம். நிரம்பியிருந்தால் ஒன்று, வெறுமையாக இருந்தால் பூச்சியம். குடம் ஒழுகுவதால் 64 மில்லி செக்கனுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப நிரப்பவேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கு கூடும். ஸ்டிக்கில் இருக்கிற சில்லின் (சிப்) சூடு 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிரப்புகிற இடைவெளியை 32 மில்லி செக்கனாகப் பாதியாக்கவேண்டும் என்பதே டி.டி.ஆர்.4இன் விதி. சாதாரண வேகத்தில் அந்த 85 வரைக்கும் பயமில்லை. வேகத்தைக் கூட்டும்போது குடத்தைப் பார்த்துவிட்டு நிரப்புவதற்குக் கிடைக்கிற நேரம் குறைகிறது. இறுக்கி வைத்த சில ஸ்டிக்குகள் 50 பாகையிலேயே பிழைவிடத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். உருகவோ கருகவோ தேவையில்லை.

அந்த 50 பாகை எங்கள் பக்கத்தில் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பாருங்கள். சித்திரையிலிருந்து சோளகம் ஓயும்வரைக்கும் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மணிக்கு அறையே 35, 36 பாகை. கேசிங்குக்குள் இன்னும் பத்துப் பதினைந்து கூடும். இரவு பத்து மணிக்கு அதே அறை 28க்கு இறங்கிவிடும். உங்களுக்குச் செய்து தந்தவர் கடையில் பானுக்குக் கீழே, கேசிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்த்திருப்பார். அது புதுக்குடியிருப்பு வீட்டுப் பகலுக்கான சோதனை ஆகாது.

வோல்ட் கணக்கையும் சொல்கிறேன். டி.டி.ஆர்.4இன் வழக்கமான அளவு 1.2. பெட்டியில் 3200 என்று எழுதிய ஸ்டிக்குகள் பெரும்பாலும் 1.35 கேட்கும். சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். 1.2 வோல்ட்டோடு பார்த்தால் 1.45இல், அதே வேகத்திலேயே, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு. சில்லு தாங்கக்கூடிய உச்ச எல்லையே 1.5தான். எல்லைக்கு 0.05 வோல்ட் கீழே நின்றுகொண்டுதான் தொழில் செய்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் 3200க்கும் 3600க்கும் இடையில் கலியாண வீடியோ ரெண்டரில் மிஞ்சுவது சொற்பம். 16 ஜிபியை 32 ஆக்கியிருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

செய்யவேண்டியது இதுதான். பயோசுக்குள், அதாவது விண்டோஸ் எழும்பமுன் திறக்கிற மதர்போட்டின் செற்றிங் பக்கத்துக்குள், போய் டிஃபோல்ட் (தயாரித்தவர் வைத்த) செற்றிங்கைப் போடுங்கள். போக முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றி, மதர்போட்டில் இருக்கிற நாணய பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பிறகு றாமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கொம்பியூட்டரை எழுப்பி, நான்கு சுற்று ஓடவிடுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்குங்கள், கேசிங்கை மூடி வையுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. இரண்டு பிழைதானே என்று விடுகிற விஷயமில்லை இது. சுத்தமாக வந்தால் எக்ஸ்.எம்.பி.யை (பெட்டியில் எழுதிய வேகத்துக்கு றாமை ஏற்றுகிற பயோஸ் செற்றிங்) போட்டு 3200, 1.35க்கு ஏற்றி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்கு மேலே போகவேண்டாம்.

இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்ட் சும்மா இருக்கும். நீங்கள் ரெண்டர் போடும்போது அது முழு மூச்சில் வேலை செய்யும். கார்ட்டின் சூட்டுக்காற்று மேலே எழும்பி நேரே றாமில்தான் அடிக்கும். அதனால் நான்கு சுற்றும் சுத்தமாக முடித்த ஸ்டிக் ரெண்டரில் விழலாம். கிளிநொச்சியில் என்னிடம் ஒரு கேசிங் வந்தது. மெம்டெஸ்டில் ஒரு பிழை இல்லை, ரெண்டர் போட்டால் இருபது நிமிடத்தில் நீலத்திரை. ஸ்டிக்கில் சென்சர் இருந்ததால், சூட்டைக் காட்டுகிற எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன்: சும்மா இருக்கையில் 44, ரெண்டரில் 61. முன்பக்க வலையைக் கழற்றினால் செம்மண் தூசி கம்பளி மாதிரிப் படிந்து, காற்றுப் போக ஊசி முனை அளவு இடமில்லை. பின்பக்கத்து பான் சுற்றவே இல்லை. அதன் இதழுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு பல்லி முட்டை. வலையைக் கழுவி, பானை மாற்றினேன். அதே ரெண்டரில் 52. பிறகு விழவில்லை. ஆகவே மெம்டெஸ்ட் முடிந்ததும் ஒரு பழைய புரொஜெக்டை, யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லாத ஒன்றை, மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் ரெண்டர் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால்தான் வாடிக்கையாளரின் வேலையைத் தொடலாம்.

கூலர் பற்றிக் கேட்டீர்கள். றாமுக்கென்று மின்னுகிற விளக்கோடு விற்கிற அந்தச் சாமான் வேண்டாம். கேசிங்குக்குள் தேங்கி நிற்கிற சூட்டுக்காற்றையே அது திரும்பத் திரும்ப ஊதும். முன்னால் காற்றை இழுக்க ஒரு பான், பின்னால் தள்ள ஒரு பான், மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவுவது. இவ்வளவும் போதும்.

இனி, "எரிஞ்சு போச்சு, மாத்தவேணும்" என்று சொன்னவரைப் பற்றி. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வசனத்தை வன்னி முழுக்கக் கேட்டிருக்கிறேன். நல்ல ஸ்டிக்கைப் பழுதென்று கழற்றி எடுத்து, பழைய ஒன்றைப் புதிதென்று போட்டுக் காசு வாங்கி, கழற்றியதை அடுத்த கிழமை இன்னொருவருக்கு விற்பார்கள். ஒரே ஸ்டிக்கில் இரண்டு இலாபம். மெதுவான ஸ்டிக்கின் மேல் அலுமினியத் தகட்டை ஒட்டி, 3600 என்று ஸ்டிக்கர் போட்டு விற்பதும் உண்டு. கொம்பியூட்டரைக் கொடுக்கமுன் ஸ்டிக்கைக் கழற்றி, சீரியல் இலக்கம் தெரிய ஃபோனில் படம் எடுங்கள். ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். மாற்றினால் பழையது கைக்கு வரவேண்டும் என்று முதலே சொல்லுங்கள். புதியதைப் போட்டதும் சி.பி.யூ-இசட் என்ற மென்பொருளில் எஸ்.பி.டி. பக்கத்தை (ஸ்டிக் தன்னைப் பற்றித் தனக்குள் வைத்திருக்கிற விபரம்) திறந்து, தயாரித்த நிறுவனமும் பார்ட் இலக்கமும் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். இதைக் கேட்டால் கோபிக்கிறவரிடம் சாமான் வாங்கவேண்டாம்.

பற்றுச்சீட்டையும் விடாதீர்கள். கேட்டால் விற்பவர் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. ஆனால் உத்தரவாதத்தை நம்பித் துணியாதீர்கள். எனக்கே நடந்தது. பகலில் மட்டும் பிழைவிட்ட ஒரு ஸ்டிக்கை பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். ஆறு கிழமை கழித்து, பழுது இல்லை என்ற துண்டோடு திரும்பி வந்தது. குளிரூட்டிய அறையில், டிஃபோல்ட் வேகத்தில் சோதித்தால் பழுது எப்படித் தெரியும்? பெட்டியில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். விழுந்தால், அது ஓவர்குளொக்கிங் (வழக்கமான வேகத்துக்கு மேலே ஓட்டுவது), எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். புரசசர் நிறுவனங்களும் எக்ஸ்.எம்.பி.யை அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கின்றன. மாங்குளத்துக்கு வடக்கே இருக்கிறவன் அந்த வாதத்துக்காகக் கொழும்புக்கு நடக்க முடியுமா? ஒரு மாவட்டத்துக்கு ஒரு சோதனை மேசையாவது வைக்க இந்த இறக்குமதிக்காரருக்கு இன்னும் மனம் வரவில்லை.

டிஃபோல்டிலும் மெம்டெஸ்ட் பிழை காட்டினால் மட்டும் ஸ்டிக்கைச் சந்தேகியுங்கள். அப்போதும் உடனே வாங்க ஓடவேண்டாம். இரண்டையும் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டு ஓட்டுங்கள். பிறகு அதே இடத்தில் மற்றதைப் போட்டு ஓட்டுங்கள். ஒன்று மட்டும் பிழைவிட்டால் அதுதான் பழுது. இரண்டும் பிழைவிட்டால் வேறு துளையில் ஒருமுறை பாருங்கள். அங்கும் விட்டால் றாமை வாங்கிப் பயனில்லை, மதர்போட்டையோ புரசசரையோ பார்க்கவேண்டும். அந்தக் கட்டம் வந்தால் மெம்டெஸ்டின் சிவப்பு வரிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரைக்கும் மெமரி கார்ட்டுகள் அலுமாரியில் இருக்கட்டும்.