எஸ். என். லட்சுமி: மேடை முதல் சின்னத்திரை வரை (கேள்வி பதில்)

குணச்சித்திர நடிகை எஸ். என். லட்சுமியைப் பற்றி நம் நாடக அன்பர்கள் கேட்டவற்றுக்குச் சிங்காநல்லூரிலிருந்து என் பதில்கள்.

இளவயதில் அவர் கதாநாயகியாக வரலையாங்க? நான் பார்த்ததெல்லாம் பாட்டி வேடம்தான். (பொள்ளாச்சி வாசகி)

அம்மா வேடம் அவரைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷுக்குத் தாய். நாகேஷ் பிறந்தது 1933-இல். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் பார்ப்பவருக்கு அந்த நினைப்பே வராது.

கோயமுத்தூருக்கும் அவருக்கும் என்னங்க சம்பந்தம்? (திருப்பூர் அன்பர்)

அவர் நடித்த சேவா ஸ்டேஜ் குழுவை நடத்திய எஸ். வி. சகஸ்ரநாமம் எங்கள் ஊர்க்காரர். தி. ஜானகிராமன், பி. எஸ். ராமையா போன்ற எழுத்தாளர்களின் நாடகங்களை மேடையேற்றிய குழு அது. நல்ல வசனத்தில் பழகிய வாய் என்பது லட்சுமியம்மா பேசும்போதே தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சகஸ்ரநாமம் பெயரே தெரியாமல் போனதில் எனக்கு மனக்குறைதான்.

அவர் நடிப்பில் அப்படி என்ன விசேஷம்? (கோபி அன்பர்)

இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் திருட்டுக் கை உள்ள பாட்டி. கை தன் வேலையைப் பார்க்கும், முகம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சிரிக்க வைக்கவேண்டும் என்ற அவசரம் துளியும் இல்லை. அதனால்தான் நாம் சிரிக்கிறோம். நாலே வருடத்தில் ‘மகாநதி’. அதில் கமலுக்கு மாமியார். குடும்பம் சிதைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவி. அதே உடம்பு, அதே குரல், ஆனால் முந்தைய பாட்டியின் சாயல் எங்கும் இல்லை. துணை வேடத்துக்குக் கிடைப்பது நாலைந்து காட்சி. அதற்குள் முழு மனுஷியைக் கொண்டுவர மேடைப் பழக்கம் வேண்டும்.

கல்லூரி நாடகத்தில் நடிக்கும் என் மகளுக்கு சீரியல் வாய்ப்பு வந்திருக்குதுங்க. அனுப்பலாமா? (ஈரோடு வாசகர்)

தாராளமாக. லட்சுமியம்மாவும் கடைசிக் காலத்தில் சீரியல்களில் நடித்தவர்தான்; 2012-இல் மறைந்தார். ஒன்று மட்டும் பாப்பாவிடம் சொல்லுங்கள். மேடையில் கடைசி வரிசைவரை குரல் போகவேண்டும். சீரியலில் கேமரா முகத்துக்கு அருகே நிற்கும், அதே குரல் அங்கே கத்தலாகிவிடும். அப்புறம், அங்கே உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக்கொடுக்க, கேட்டுச் சொல்லிவிடுவது வழக்கம். அதிலேயே இருந்தால் மனப்பாடம் விட்டுப்போகும். வருடத்துக்கு ஒரு நாடகமாவது போடட்டும்.