பட்டத்து இளவரசியும் ஆரஞ்சும்

கேள்வி: டச்சு மொழியில் பட்டத்து இளவரசரை 'க்ரோன்பிரின்ஸ்' என்கிறார்களாமே, அது எங்கிருந்து வந்த சொல்? நெதர்லாந்தின் இப்போதைய வாரிசு அமாலியாவை 'ஆரஞ்சு இளவரசி' என்று எழுதுகிறார்களே, பழத்துக்கும் அரண்மனைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் கேள்வி சுலபம். 'க்ரோன்' என்றால் கிரீடம், லத்தீன் 'கொரோனா'விலிருந்து வந்தது (ஆமாம், வைரஸுக்குப் பெயர் வைத்ததும் அதே கிரீடத்தைப் பார்த்துத்தான்). 'பிரின்ஸ்' லத்தீன் 'பிரின்செப்ஸ்', அதாவது முதலிடம் பிடித்தவர். ரோமில் அகஸ்டஸ் தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளத் தயங்கி வைத்துக்கொண்ட பட்டம் அது. ராஜாவின் பிள்ளை என்ற அர்த்தமெல்லாம் அதற்குக் கிடையாது, பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது.

ஆனால் க்ரோன்பிரின்ஸ் பொதுச்சொல்தான். வாரிசின் முறையான பட்டம் 'பிரின்ஸ் வான் ஒரான்யே', பெண் என்றால் 'பிரின்செஸ்'. இந்த ஒரான்யே பழமே இல்லை, ஊர்! தெற்கு பிரான்சில் ரோமானியர் காலத்தில் 'அரவுசியோ' என்று இருந்து, நாக்கில் தேய்ந்து தேய்ந்து 'ஒராஞ்ச்' ஆன ஊர். 1544-இல் அந்தக் குட்டி சமஸ்தானம், வாரிசில்லாமல் இறந்த உறவினர் ஒருவரிடமிருந்து 11 வயது வில்லெமுக்கு வந்தது. பின்னாளில் ஸ்பெயினை எதிர்த்த டச்சுக் கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 1713-இல் ஊர் பிரான்சுக்கே போய்விட்டது, பட்டத்தை மட்டும் டச்சுக்காரர்கள் விடவில்லை.

பழத்தின் பெயர் வேறு வழியில் வந்தது. நம் நாரத்தையோடு உறவுள்ள திராவிடச் சொல் ஒன்று சமஸ்கிருதத்தில் 'நாரங்க', பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்' என்று மாறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது என்பதே பரவலான கருத்து. ஊர்ப்பெயரும் பழப்பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கவே நிறமும் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டது, இன்று கால்பந்துச் சட்டை வரை அதுதான். வேடிக்கை என்னவென்றால், டச்சில் ஒரான்யே என்பது நிறம் மட்டுமே. கடையில் பழம் வேண்டுமென்றால் 'சினாசாப்பெல்', சீன ஆப்பிள், என்றுதான் கேட்க வேண்டும்.

அமாலியாவுக்குத் தம்பி இல்லை, தங்கைகள்தான். இருந்திருந்தாலும் அவர்தான் வாரிசு. மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ அவருக்கே அரியணை என்று 1983-இலேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.