கடல் நீலத்துக்கும் சி.வி.ராமனுக்கும் என்ன சம்பந்தம்?

காசிமேட்டில் கலங்கலாக இருக்கிற கடல் தள்ளிப் போனால் நீலமாகிறதே, அது வானத்தின் பிரதிபலிப்புதானே, இதில் ராமன் எங்கே வந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரதிபலிப்பு மட்டும் இல்லை. 1921-ல் கப்பலில் ஊர் திரும்பும்போது ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை (தெறித்து வரும் ஒளியைத் தடுக்க உதவும் படிகத்துண்டு) கண்ணில் வைத்து, நீர்மேல் பட்டுத் தெறிக்கும் வான வெளிச்சத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார் (சிவப்பை நீர் விழுங்கிவிடுவதும் பெரிய காரணம், அது தனிக்கதை).

அந்த யோசனையைப் பிடித்துப் போய்த்தான், 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில், தன் மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து, சிதறும் ஒளியில் ஒரு துளி நிறம் மாறி வருவதைக் கண்டார். 1930-ல் நோபல். நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்தான். அப்புறம், அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு என்பதால், இன்று மாத்திரையை உடைக்காமலே, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, அது அசலா போலியா என்று பார்க்க முடிகிறது.